முகத்துக்குப் பெயர் வைப்பதற்கும் ஒரு தாள் வேண்டும்

மார்த்தாண்டத்தில் சிசிடிவி கேமரா விற்று மாட்டிக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. ஒரு பக்கம் களியக்காவிளை, இன்னொரு பக்கம் தக்கலை, தெற்கே கருங்கல் தாண்டிக் கடற்கரை வரைக்கும் வேலை வரும். நகைக்கடை, ரப்பர் ஷீட் குடோன், முந்திரி ஆலை, கல்யாண மண்டபம், சர்ச், கோயில் என்று எல்லா வாசலிலும் ஏணி போட்டு ஏறியிருக்கிறேன். என் வீட்டில் அடுப்பெரிவது இந்தத் தொழிலால்தான். கேமராவே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் கொஞ்ச நாளாக வாடிக்கையாளர்கள் கேட்கும் ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "இதுல ஆளு யாருன்னு அதுவே சொல்லுமா?" என்கிறார்கள். போலீஸ்காரர்கள் போனில் முகத்தைப் படம் எடுத்து, பழைய குற்றவாளியா என்று பார்க்கிறார்கள் என்பதைச் செய்தியில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள்.

கேமரா பதிவு செய்வது ஒரு வேலை. பதிவான முகத்துக்குப் பெயர் வைப்பது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலைக்கு நம் சட்டத்தில் எவ்வளவு கெடுபிடி இருக்கிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு கடையில் திருட்டு நடந்து, கேமராப் பதிவு வழக்குக்கு வேண்டும் என்றால், போலீஸ் எழுத்து மூலம் கேட்க வழி இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 91-வது பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 94-வது பிரிவு. பதிவை பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவி, என்ன மாடல், சீரியல் எண் என்ன, அந்த ஃபைலின் ஹாஷ் மதிப்பு என்ன என்று எல்லாம் எழுதி, கருவிக்குப் பொறுப்பான ஆள் ஒரு பகுதியிலும் நிபுணர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்துப் போட வேண்டும். ஹாஷ் என்பது ஃபைலைக் கணக்கிட்டு வரும் நீளமான எண். வீடியோவில் ஒரே ஒரு ஃப்ரேம் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். கோர்ட்டில் யாரும் "இது வெட்டி ஒட்டியது" என்று சொல்ல முடியாதபடிக்கு இந்த ஏற்பாடு.

கேமராவுக்கே இப்போது சோதனை உண்டு. 2025 ஏப்ரல் 9-க்குப் பிறகு எஸ்டிக்யூசி என்ற மத்திய அரசுச் சோதனை அமைப்பின் சான்று இல்லாத மாடலைச் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது என்று மத்திய அரசு விதி வைத்தது. அப்போது எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் விலை ஏற்றத்தில் திண்டாடினோம். ஆனாலும் அந்த விதி சரியானது என்றுதான் நினைக்கிறேன். வெளியிலிருந்து யாரோ உள்ளே நுழைந்து பார்க்கக்கூடிய கேமராவை ஒரு வீட்டுக்குள் மாட்டிவிட்டு வர எனக்கும் மனசு வராது.

இவ்வளவும் முதல் வேலைக்கு. இரண்டாவது வேலைக்கு, அதாவது முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதற்கு, என்ன சட்டம் என்று தேடினால் அதற்கென்று தனியாக ஒன்றும் இல்லை. தமிழ்நாடு காவல்துறை 2021-ல் இருந்தே முக அடையாள மென்பொருள் பயன்படுத்துகிறது. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் செய்து கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள், அடையாளம் தெரியாத சடலங்கள் என்று பல வகைப் படங்கள் அதில் இருக்கின்றன. ரோந்து போகும் போலீஸ்காரர் தன் போனிலேயே படம் எடுத்துத் தேடலாம்.

அந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்பதை என் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதை ஆதார் கைரேகை மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஆதாரில் நீங்கள் உங்கள் எண்ணைச் சொல்லிவிட்டு விரல் வைக்கிறீர்கள், அந்த ஒரு எண்ணுக்கு உரிய விரல்தானா என்று மட்டும் பார்க்கிறார்கள். ரோட்டில் எடுத்த முகத்தில் அப்படிச் சொல்ல எண் எதுவும் கிடையாது. மென்பொருள் முகத்தைச் சில நூறு எண்கள் கொண்ட வரிசையாக மாற்றி, பட்டியலில் உள்ள அத்தனை முகங்களின் வரிசைகளோடும் ஒப்பிட்டு, நெருக்கமாக இருப்பவற்றை மேலிருந்து கீழாக அடுக்கிக் கொடுக்கும். முதலில் வருபவர் அந்தப் பட்டியலில் அதிகம் ஒத்திருப்பவர், அவ்வளவுதான். உண்மையான ஆள் பட்டியலிலேயே இல்லாவிட்டாலும் யாரோ ஒருவர் முதலில் வருவார். பத்து லட்சம் முகங்கள் இருக்கும் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரத்தில் ஒரு முகத்தைத் தவறாகப் பொருத்தினாலும் ஒரு தேடலுக்கு நூறு தவறான ஆட்கள்.

எவ்வளவு ஒத்துப்போனால் 'அதே ஆள்' என்று எடுத்துக்கொள்வது? அந்தக் கோட்டை யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். டெல்லி போலீஸ் 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் பொருத்தம் என்று கொள்வதாக, 2022-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்குப் பதில் கொடுத்தது. 80 என்பது மென்பொருள் கொடுக்கும் மதிப்பெண். நூற்றுக்கு எண்பது முறை சரியாக இருக்கும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அந்த எண் ஏன் 90 ஆக இல்லை, 75 ஆக இல்லை என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. அதே டெல்லியில் இந்த மென்பொருள் முதலில் வந்தது காணாமல் போன குழந்தைகளைத் தேடுவதற்காக. 2018-ல் அதன் துல்லியம் 2 சதவீதம்தான் என்று போலீஸே உயர் நீதிமன்றத்தில் சொன்னது. 2020-ல் கலவர வழக்குகளில் ஆட்களை அடையாளம் காண முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்தியதாகவும், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமத் தரவுகள் அதில் சேர்க்கப்பட்டதாகவும் உள்துறை அமைச்சர் அமித் ஷா நாடாளுமன்றத்தில் சொன்னார். குழந்தையைத் தேட வந்த கருவி இரண்டு வருடத்தில் எங்கே போய் நின்றது என்று பாருங்கள்.

படத்தின் தரம் பற்றியும் சொல்ல வேண்டும், இது என் வேலை என்பதால். சிசிடிவி தொழிலில் உலகம் முழுக்க ஒரு கணக்கு உண்டு. முன்பின் தெரியாத ஆளைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடையாளம் காண வேண்டும் என்றால், காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ஆள் என்று உறுதிசெய்ய 125 போதும். நாங்கள் பெரும்பாலும் மாட்டுவது 2 மெகாபிக்சல் கேமரா, அகலம் 1920 பிக்சல். 250-ஆல் வகுத்தால் எட்டு மீட்டர் அகலம்கூட வராது. கேமரா அதைவிட அகலமான இடத்தைப் பார்த்தால் ஒரு முகத்துக்கு நாற்பது பிக்சல்கூடக் கிடைக்காது. இதில் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும் நிழல், மழைக்காலத்தில் லென்ஸில் படியும் நீர், ராத்திரி இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் வெளுத்துப் போகும் முகம் எல்லாம் சேரும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் கண்ணாடியே மங்கிவிடும். பன்னிரண்டு அடி உயரத்தில் மாட்டிய கேமராவில் தலை உச்சிதான் நன்றாகத் தெரியும். "முகம் தெளிவா இருக்கே" என்று வாடிக்கையாளர் சொல்வது தனக்குத் தெரிந்த ஆளைப் பார்க்கும்போதுதான். தெரியாத முகத்தை இப்படிப்பட்ட படத்தை வைத்து லட்சக்கணக்கான பேரில் தேடுவது வேறு விஷயம்.

அமெரிக்காவின் என்ஐஎஸ்டி என்ற அரசு நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், அது சோதித்த பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை வெள்ளையர் முகங்களைவிடப் பத்திலிருந்து நூறு மடங்கு வரை அதிகமாகத் தவறாகப் பொருத்தின. ஆசியாவில் உருவான சிலவற்றில் ஆசிய முகங்களுக்கு இந்த வேறுபாடு குறைவு என்றும் அதே அறிக்கை சொன்னது. நம் நாட்டில் உருவான மென்பொருள் நம் முகங்களில் நன்றாகவே வேலை செய்யலாம். அப்படியானால் சோதித்து முடிவை வெளியிடட்டும். வெயிலிலும் கடலிலும் வேலை செய்து கறுத்த முகம், தாடி வைத்த முகம், தலையில் துண்டு கட்டிய முகம் எல்லாவற்றிலும் எத்தனை சரி, எத்தனை தவறு என்று பொதுமக்கள் பார்க்கிற மாதிரி.

சரி, என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் தம்பி தூத்தூர் பக்கத்துப் பையன். ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை முடிய ராத்திரி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பைக்கில் கேபிள் சுருள், ட்ரில்லிங் மெஷின், முதுகில் பை. வழியில் ரோந்துப் போலீஸ் நிறுத்தியது. அது தப்பில்லை, அந்த நேரத்தில் அப்படி ஒரு மூட்டையோடு யார் போனாலும் நிறுத்தத்தான் செய்வார்கள். பெயர், ஊர் கேட்ட பிறகு முகத்தைப் படம் எடுத்திருக்கிறார்கள். போனில் சில படங்கள் வந்திருக்கின்றன, முதலில் வந்தது வேறு மாவட்டத்தில் வீடு புகுந்து திருடிய வழக்கில் உள்ள ஒருவர். அதற்குப் பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. ட்ரில்லிங் மெஷின் எதற்கு, கட்டர் எதற்கு, சொந்த ஊர் உண்மையிலேயே எது என்று கேள்வி மேல் கேள்வி. பையன் பயந்து போய்ப் பேச்சே வராமல் நின்றிருக்கிறான். கடைசியில் என் நம்பரைக் கொடுத்திருக்கிறான்.

நான் போய் மண்டபத்து பில்லைக் காட்டினேன். விட்டுவிட்டார்கள். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி, லிஸ்ட்ல வந்தா விசாரிக்காம விட முடியாதுல்லா" என்றார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் நியாயம்தான். நான் கேட்டது ஒன்றே ஒன்று. "இவன் படம் இப்ப எங்க இருக்கு சார்? அழிஞ்சிடுமா, அதுலயே இருக்குமா?" அவருக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்டால் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. தம்பி இப்போது ராத்திரி வேலை என்றால் என் வண்டியில் கூட வந்தால்தான் வருவேன் என்கிறான். "எனக்க மூஞ்சி அவன மாதிரியா அண்ணே இருக்கு?" என்று இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டான். நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, அதனால் அவனுக்கு என்ன பதில் சொல்வது?

2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி கைதானவர்கள், தண்டனை பெற்றவர்கள் போன்றோரிடம் கைரேகை, கருவிழி, படம் எல்லாம் எடுக்கலாம். அவற்றை 75 வருடம் வைத்துக்கொள்ளலாம். வழக்கில் விடுதலையானால் அழிக்கவும் அதில் வழி உண்டு. மற்றவர்களிடம் எடுக்க வேண்டும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். என் கடைப் பையன் கைதாகவில்லை, எந்த உத்தரவும் இல்லை. அப்புறம் எந்தப் பிரிவின் கீழ் அவன் முகம் எடுக்கப்பட்டது? ஹைதராபாத்தில் எஸ்.கியூ. மசூத் என்ற சமூக ஆர்வலர் இதே கேள்வியைத்தான் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 2021-ல் கொரோனா நேரத்தில் போலீஸ் அவரைத் தெருவில் நிறுத்தி, முகக்கவசத்தை எடுக்கச் சொல்லிப் படம் பிடித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதில் அரசு கை வைக்க வேண்டும் என்றால் முதல் நிபந்தனை ஒரு சட்டம் இருக்க வேண்டும் என்பது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உதவுமா என்று பார்த்தால், குற்றத்தைத் தடுப்பது, விசாரிப்பது ஆகிய வேலைகளுக்கு அதன் முக்கியக் கடமைகளிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

படம் சேமித்த இடம் பத்திரமா என்பது இன்னொரு கவலை. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளி ஆட்கள் புகுந்தார்கள் என்று செய்தி வந்தது. ஒரு அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது என்று விளக்கம் சொன்னார்கள். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை எப்படி மாற்றுவது?

போலீஸுக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020 ஜனவரி 8 ராத்திரி களியக்காவிளை சோதனைச்சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டதை எங்கள் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். சுட்டவர்கள் ஓடுவது பக்கத்தில் இருந்த ஒரு கேமராவில் பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகு எல்லையோரக் கடைக்காரர்கள் கேமரா மாட்டச் சொல்லித் தாங்களாகவே வந்தார்கள். அந்தப் பதிவுகள் வேண்டும், நான் மாட்டியதில் ஒரு கேமராவாவது அப்படி உதவினால் எனக்குப் பெருமைதான்.

அதே வருடம் ஜூனில்தான் சாத்தான்குளம் காவல் மரணங்கள் நடந்தன. ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் செல்போன் கடை வைத்திருந்தவர்கள், எங்களைப் போன்ற சின்ன வியாபாரிகள். அந்தக் காவல் நிலையத்து கேமராவைப் பற்றி விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் எழுதியதைப் படித்தபோது ரொம்ப நேரம் எழுந்திருக்க முடியவில்லை. ஹார்ட் டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது என்கிறது அவர் அறிக்கை. டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியில் இடம் நிறைந்த பிறகு பழையது அழிந்து புதியது ஏறும், அது வழக்கம். இடம் காலியாக இருக்கும்போதே தினமும் அழிய வேண்டும் என்றால் யாராவது மெனுவுக்குள் போய் அப்படி வைத்திருக்க வேண்டும். தானாக நடக்காது. அந்த வருடம் டிசம்பர் 2-ல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. என் கடைப் பையனின் முகம் எத்தனை நாள் இருக்கும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

இந்த மென்பொருள் எங்கே வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கன்னியாகுமரி ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன். திப்ருகரில் இருந்து விவேக் எக்ஸ்பிரஸ் நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வந்து இங்கேதான் நிற்கிறது. மனநிலை சரியில்லாமல் ஏதோ ஒரு ரயிலில் ஏறி, எங்கேயும் இறங்காமல் கடைசியில் கன்னியாகுமரியில் இறங்கி அலையும் மனிதர்களைக் கடற்கரையில் பார்க்கலாம். ஊர் சொல்லத் தெரியாது, மொழியும் புரியாது. அவர்கள் படத்தை நாடு முழுக்கக் காணாமல் போனவர் பட்டியலில் தேடினால் ஒரு குடும்பத்துக்கு உயிர் வரும். மண்டைக்காடு மாசிக் கொடையிலும் கோட்டாறு சவேரியார் திருவிழாவிலும் கூட்டத்தில் தொலைந்த குழந்தைக்கும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இந்த இடத்தில் எனக்குப் பிடித்திருக்கிறது. பொது இடங்களில் நேரலையாக முகம் தேடுவதைப் போலீஸுக்கு 2025 பிப்ரவரி 2 முதல் அது தடை செய்துவிட்டது. ஆனால் காணாமல் போனவர்களைத் தேடுவது, உயிருக்கு வரும் ஆபத்தைத் தடுப்பது, கடுமையான குற்றங்களில் தேடப்படுபவர்களைக் கண்டுபிடிப்பது போன்ற சில காரணங்களுக்கு, நீதிபதியின் அல்லது சுயேச்சையான ஓர் அமைப்பின் முன் அனுமதியோடு விலக்கு உண்டு.

இன்னொரு பக்கம், இது 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த மாவட்டம். யார் எந்த ஆலயத்துக்குப் போகிறார், யார் எந்தக் கூட்டத்தில் நின்றார் என்பது பெயரோடு ஒரு பட்டியலாக எங்கேயோ சேர்வதை நான் பயத்தோடுதான் பார்க்கிறேன். ஓகிப் புயலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி 2017 டிசம்பரில் மீனவ ஜனங்கள் குழித்துறையில் ரயில் பாதையில் உட்கார்ந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் வீடியோவை ஒரு மென்பொருளில் ஓட்டி, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் எடுத்து வழக்குப் போட முடியும் என்றால், அடுத்த புயலுக்கு யார் போய் உட்காருவார்கள்? கரைக்கு வந்த சடலங்களுக்கு முகம் இல்லை, டிஎன்ஏ சோதனை செய்துதான் வீட்டுக்குக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்கள் கேட்டது தேடுங்கள் என்பதை மட்டும்தான்.

வெளிநாட்டில் கோர்ட் வரைக்கும் போன இரண்டு வழக்குகள் எனக்கு உதவியாக இருந்தன. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை, கடையில் வாட்ச் திருடியதாக, மனைவி பிள்ளைகள் கண்முன்னே கைது செய்தார்கள். மங்கலான கேமராப் படம் அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தோடு பொருந்தியதாக மென்பொருள் சொன்னதிலிருந்து வந்த வினை. 2024-ல் நடந்த சமரசத்தில், மென்பொருள் முடிவை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது என்று அந்த ஊர் போலீஸ் ஒத்துக்கொண்டது. பிரிட்டனில் எட் பிரிட்ஜஸ் என்பவர் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சவுத் வேல்ஸ் போலீஸ் செய்தது சட்டப்படி சரியில்லை என்றது. யாரைப் பட்டியலில் சேர்ப்பது, எங்கே கேமரா வைப்பது என்ற இரண்டையும் அந்தந்தப் போலீஸ்காரர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள் என்பது அவர்கள் கண்ட முக்கியக் குறை. படித்தபோது, நான் இத்தனை நாள் வார்த்தை கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று தோன்றியது.

எங்கள் வணிகர்கள் கூட்டத்தில் கடைக் கேமராக்களைக் காவல்துறைக் கட்டுப்பாட்டு அறையோடு இணைக்கலாமா என்று பேச்சு வருகிறது. இணைக்கலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் இணைப்பதற்கு முன் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் பதிவில் உள்ள முகத்தை மென்பொருளில் தேடினால், எந்த வழக்கு எண்ணுக்காக, எந்த அதிகாரி, எந்த நேரத்தில் தேடினார் என்று எழுத்தில் பதிவு இருக்க வேண்டும். பொருந்தியது என்று வந்தால் என்ன மதிப்பெண்ணில் வந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். வேறு ஆதாரம் இல்லாமல் அதை மட்டும் வைத்து யாரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகக் கூடாது. ரோட்டில் நிறுத்திப் படம் எடுத்தவருக்கு, வழக்கு எதுவும் இல்லாவிட்டால், படம் இத்தனை நாளில் அழிக்கப்படும் என்று ஒரு துண்டுச் சீட்டாவது கொடுக்க வேண்டும். ஒரு பென் டிரைவுக்கு நான் சீரியல் எண்ணும் ஹாஷும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு மனிதனின் முகத்துக்கு அதில் பாதியாவது கேட்பது அதிகமில்லை.

குழித்துறை கோர்ட்டில் பயிற்சி செய்யும் ஒரு வழக்கறிஞர் கடிதத்தைச் சட்ட மொழியில் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார். தம்பியின் படம் பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாக ஒரு மனு போடவும் அவரே சொன்னார், அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். மாவட்டத்தில் மற்ற ஊர் வியாபாரிகள் இதே கடிதத்தைத் தங்கள் பகுதியில் கொடுக்க விரும்பினால் கமெண்டில் சொல்லுங்கள், தயாரானதும் நகல் அனுப்புகிறேன்.